திங்கட்கிழமை விரிப்புகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், பனி பொழியும் ஒரு மாரிகாலத்தில், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் அமைந்த முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இது நிகழ்ந்தது. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் மனைவி அங்கே இரண்டாம் மாடியில், இருவர் தங்கும் அறையில் இருந்தார். நான் மகளின் வீட்டிலிருந்து நாள்தோறும் இரண்டு பேருந்துகள் மாறி நண்பகலளவில் அங்கே போய்ச் சேர்வேன். மாலை உணவை ஊட்டிவிட்டுத் திரும்புவேன்.

அடுத்த கட்டிலில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி இருந்தார். எண்பதைக் கடந்தவர். இங்கிலாந்தின் வடபகுதியில் பிறந்து வளர்ந்து, நடுவயதில் கணவரோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். கணவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. நினைவும் மெல்ல மெல்லக் குலைந்து, எந்த ஆண்டு, எந்த நாடு என்ற தெளிவு அவருக்கு இல்லாமற் போயிருந்தது. மற்றப்படி சாதுவானவர். என்னைக் காணும்போதெல்லாம், "வெளியே மழையா?" என்று கேட்பார். பனி முழங்கால் அளவுக்குக் கிடந்த நாளிலும் அதே கேள்விதான்.

ஆனால் சில காலைகளில் அவர் வேறொருவராகிவிடுவார் என்று தாதியர் சொன்னார்கள். விடிந்ததும் எழுந்து கட்டில் விரிப்புகளை உருவத் தொடங்குவாராம். தடுத்தால் கையைத் தட்டிவிடுவாராம். அத்தகைய ஒரு காலையில், என் மனைவி படுத்திருந்தபடியே இருக்க, அவருக்குக் கீழிருந்த விரிப்பை மூதாட்டி பற்றி இழுத்திருக்கிறார். மனைவி கட்டிலின் விளிம்புவரை உருண்டுவந்துவிட்டார். ஓடிவந்து தாங்கிப் பிடித்தவள், அங்கே பணிபுரிந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி.

"அங்கிள், நான் ஒரு நிமிசம் பிந்தியிருந்தா அன்ரி நிலத்தில. நீங்கள் எழுதிக் குடுங்கோ. நாங்கள் வாயால சொன்னா மேலிடத்தில கேக்கமாட்டினம்" என்றாள்.

படிப்பும் எழுத்துமாகவே வாழ்ந்த எனக்கு எழுதுவதென்றால் சொல்லவா வேண்டும்? மூன்று பக்க முறைப்பாடொன்றை ஆங்கிலத்தில் எழுதினேன். சான்றில்லாமல் எதையும் சொல்லக்கூடாது என்பது என் கொள்கை. ஆகையால் அந்தப் பெண்ணிடம் கேட்டறிந்து, குழப்பம் நிகழ்ந்த நான்கு நாட்களையும், மனைவியின் தலைமாட்டில் தொங்கிய தமிழ்க்கடை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. நாக்குத் தடித்திருந்ததால் ஒவ்வொரு சொல்லுக்கும் இளைப்பாறித்தான் அவர் பேசுவார். "உந்தக் கடுதாசி தேவையில்லை. அவ என்னை அடிக்க வரேல்லை. ஏதோ அவசர வேலை கிடக்கிற மாதிரித்தான் நிண்டவ" என்றார். நான் செவிசாய்க்கவில்லை.

கடிதம் கொடுத்த இரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, இல்லத்தின் மேலாளர் அம்மையார் என்னை அழைத்தார். மூதாட்டியை மேல்மாடியிலுள்ள பூட்டிய பிரிவுக்கு மாற்ற முடிவு செய்துவிட்டார்களாம். கனடாவின் மேற்குக் கரையில் வாழும் அவருடைய மகனும் தொலைபேசியில் உடன்பட்டுவிட்டாராம். வரும் செவ்வாய்க்கிழமை மாற்றம். இவ்வளவு தெளிவான கடிதம் இதுவரை தமக்கு வந்ததில்லை என்று நன்றியும் சொன்னார். அந்தப் பாராட்டோடு அறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் மகிழவில்லை. "மேல்மாடிக்கோ? அங்க கதவுக்கு நம்பர் அடிச்சாத்தான் திறக்கும், அங்கிள். நடந்து போறவை இரண்டு கிழமையில கதிரையிலயே இருந்திடுவினம். நான் மாத்துவினம் எண்டு நினைக்கேல்லை. விடியக்காலமையில ஆரையும் பக்கத்தில நிப்பாட்டுவினம் எண்டுதான்…" என்று இழுத்தாள்.

அப்போது மனைவி சுவரைப் பார்த்தபடியே பேசினார். "இஞ்சேருங்கோ. அவ எல்லா ஷீற்றும் எடுக்கிறேல்லை. கீழ் ஷீற்றை மட்டும்தான் உருவுறா. மேல் ஷீற்றைத் தட்டிக் கீழ விரிக்கிறா. பிறகு தலையணை உறையைக் கழட்டுறா. தன்ர கட்டிலை எவ்வளவு வடிவா மூலை மடிச்சு விட்டவ எண்டு நீங்கள் பாக்கேல்லை."

நான் நாட்காட்டியை நிமிர்ந்து பார்த்தேன். நான்கு சிவப்பு வட்டங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நிரலில் நின்றன. மேலே 'திங்கள்' என்று எழுதியிருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு உடல் கூசிவிட்டது. ஏனென்றால், அந்த இல்லத்தில் இருந்த அத்தனை பேருள்ளும் இதை முதலில் உணர்ந்திருக்க வேண்டியவன் நானே.

அறுபதுகளின் தொடக்கத்தில் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றில் மூன்றாண்டுகள் வாழ்ந்தேன். கைம்பெண் ஒருவரின் வீட்டில் மாடியறை எனக்கு. அந்தத் தெருவில் திங்கட்கிழமை என்றால் சலவை நாள். அதில் எவருக்கும் ஐயமோ விலக்கோ கிடையாது. விடியுமுன்னரே கொதிகலத்தில் நீர் ஏறிவிடும். ஒவ்வொரு கட்டிலிலும் கீழ்விரிப்பு சலவைக்குப் போக, மேல்விரிப்பு கீழிறங்கும். அதற்குமேல் புதிய விரிப்பு வரும். துணிகளை நீலம் போட்டு அலசி, இரண்டு மர உருளைகளுக்கிடையே கொடுத்துப் பிழிந்து, வீட்டின் பின்சந்துக்குக் குறுக்கே கொடி கட்டி உலர்த்துவார்கள். நிலக்கரி கொண்டுவரும் வண்டிக்காரர்கூட அன்று அந்தச் சந்துக்குள் நுழையத் துணியமாட்டார். சமைக்க நேரமிராது. ஞாயிறன்று மிஞ்சிய உருளைக்கிழங்கையும் கோவா என்ற முட்டைக்கோசையும் ஒன்றாய்ப் பிசைந்து வறுத்ததுதான் மதிய உணவு. அந்தச் சுவைக்காகவே நான் திங்கட்கிழமைகளை எதிர்பார்த்திருந்தேன்.

இந்த ஒழுங்கை நான் கற்றது ஒரு பெரும்பிழை செய்துதான். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வெயில் எறிக்கிறதே என்று என் வேட்டியைத் தோய்த்துக் கொடியில் நீளமாய் விரித்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் வீட்டுக்காரம்மா அதை ஈரத்தோடு அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "ஞாயிற்றுக்கிழமையில் துணி காயப்போடும் வீடு என்று என்னைப் பற்றித் தெரு என்ன பேசும்?" என்று கேட்டார். என் நிறம் கண்டு இழிவு செய்கிறார் என்றெண்ணி அன்று முழுவதும் குமைந்தேன். மறுநாள் காலை அவரே அந்த வேட்டிக்கு நீலம் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி சந்தின் நடுவே தொங்கவிட்டு, "இவ்வளவு பெரிய மேசைவிரிப்பை எந்த மேசைக்குப் போடுவீர்கள்?" என்று கேட்டபோதுதான் உண்மை விளங்கியது.

மேலாளரிடம் அப்போதே திரும்பிச் சென்றேன். என் கடிதத்தை மீளப் பெற வந்திருப்பதாகச் சொன்னேன். நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் மேசைமீது விரித்தேன். இல்லத்தில் ஞாயிறு வழிபாடு நடந்த மறுநாள் விடியலென்றால் அவருக்குச் சலவை நாள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஆனால் நம்பவில்லை. "ஐயா, உங்கள் மனைவி விழப் பார்த்தாரே" என்றார். நான் சிவப்பு வட்டங்களை மீண்டும் சுட்டிக்காட்டினேன். இறுதியில், "திங்கட்கிழமைக் காலை ஒன்றைத் தருகிறேன். நானே வந்து பார்ப்பேன். கைகலப்பு நேர்ந்தால் செவ்வாய்க்கிழமை மாற்றம் மாற்றம்தான்" என்றார்.

திங்கள் காலை ஏழுமணிக்கெல்லாம் மகள் என்னைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அவள் வீட்டு உடுப்பு உலர்த்தும் மடிப்புச் சட்டமும், துணி மாட்டக் கடையில் வாங்கிய மரக் கவ்விகளும் என் கையில். அறையில் மூதாட்டி ஏற்கெனவே தம் விரிப்பை உருவிக்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு கூடை நிறையத் துவாய்களும் தலையணை உறைகளும் ஓரிரு சட்டைகளும் ஒரு கட்டில் விரிப்பும் கொண்டுவந்து, "அம்மா, கொடி தயார்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, மாடியின் கோடியில் வெயில் விழும் கண்ணாடிக்கூடத்துக்கு அவரை அழைத்துவந்தாள். மேலாளர் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூதாட்டி ஒரு துவாயை எடுத்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கூடைக்குள் எறிந்துவிட்டு என்னை ஏற இறங்க நோக்கி, "காய்ந்த துணியை எந்த மடையன் காயப்போடுவான்?" என்றார்.

இயந்திரத்தில் உலர்ந்த துணிகளைக் கொண்டுவந்திருந்தோம். அவர் கூடையைக் காலால் தள்ளிவிட்டு அறைப்பக்கம் திரும்பினார். மேலாளர் ஓரடி முன்னே வந்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு அந்தப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழாயடியில் அத்தனையையும் நனைத்துப் பிழிந்து, சட்டை முன்புறம் முழுக்க ஈரமாய்த் திரும்பி வந்தாள். மூதாட்டி ஈரத்துணியைத் தொட்டார். முகம் தெளிந்தது. துணியை இருமுறை சொடுக்கி உதறினார். இரண்டு கவ்விகளை உதடுகளுக்கிடையே செருகிக்கொண்டார்.

"ஐயோ அங்கிள், விழுங்கிப்போடுவா" என்று அந்தப் பெண் வாயருகே கையைக் கொண்டுபோனாள். மூதாட்டி அந்தக் கையில் ஓர் அடி வைத்தார். வேலை நேரத்தில் குறுக்கே வருபவருக்குக் கொடுக்கும் செல்ல அடி. துவாயின் விளிம்பையும் உறையின் விளிம்பையும் சேர்த்து இரண்டுக்கும் ஒரே கவ்வி. சிக்கனம்! நான் உதவுவதாய் எண்ணித் தொங்கவிட்ட சட்டையொன்றைக் கழற்றி, தலைகீழாக்கி, கீழ்மடிப்பில் கவ்வி போட்டு, "தோளில் தழும்பு விழாதா?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

கடைசியாகக் கட்டில் விரிப்பு. அதற்குச் சட்டம் போதவில்லை. மூதாட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் நின்ற மேலாளரைக் கண்டார்.

"கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயே, பெண்ணே. மறுமுனையைப் பிடி."

மேலாளர் என்னைப் பார்த்தார். பின் மெல்ல வந்து இரு மூலைகளையும் பிடித்தார். "இழு" என்றார் மூதாட்டி. இழுத்தார். "நன்றாய் இழு, உன் அம்மா உனக்கு ஒன்றும் பழக்கவில்லையா?" இருவரும் பின்னே சாய்ந்து இழுத்து, விரிப்பைச் சுருக்கமற விறைப்பாக்கி, நெருங்கிவந்து மூலையோடு மூலை சேர்த்து மடித்தார்கள். மேலாளர் சிரித்தபோது கண்கள் கலங்கியிருந்தன. சக்கர நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, இயங்கும் இடக்கையை மடியில் தட்டித் தட்டி ஓசையெழுப்பினார். அதுதான் அவரால் இயன்ற கைதட்டல்.

செவ்வாய்க்கிழமை எவரும் எங்கும் மாற்றப்படவில்லை. என் கடிதத்தை மேலாளரே என்னிடம் திருப்பித் தந்தார். ஒரு சொற்பிழையும் இல்லாத அந்த மூன்று பக்கங்களும் முழுவதும் பிழை என்பதை அறிந்து கிழித்தெறிந்தேன். அதன்பின் திங்கள்தோறும் கண்ணாடிக்கூடத்தில் சலவை நடந்தது. பிற அறைகளிலிருந்தும் மூன்று நான்கு பாட்டிமார் வந்து சேர்ந்து, எவருடைய விரிப்பு வெண்மை என்று போட்டியிட்டார்கள். மூதாட்டி தம் இறுதிநாள்வரை அந்த அறையிலேயே, என் மனைவிக்கு அருகிலேயே வாழ்ந்தார்.

ஒருவர் செய்வது நமக்குத் தொல்லையாய்த் தோன்றும் வேளையில், அவர் தமக்குரிய கடமையைத்தான் தவறாமல் செய்துகொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் அன்று என்னுள் புகுந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் தேடிக்கொண்ட கல்வியெல்லாம் சேர்ந்தும் எனக்குத் தராத, என் பிழையைத் திருத்திக்கொண்டேன் என்ற பெருமையை, அந்த ஒரு காலைப்பொழுது இன்றும் தந்துகொண்டிருக்கிறது.