பரமேஸ்வரி அக்காவின் கிளாஸ்கோ ஏச்சு

திங்கட்கிழமை காலை, முதியோர் இல்லத்தில் கஞ்சி கொடுக்கிற நேரத்தில், எங்கள் மாடித் தொலைபேசி அடித்தது. எனக்குத்தான் என்றார்கள். மறுமுனையில் பரமேஸ்வரி அக்காவின் தம்பி. "அக்கா மோசம் போயிட்டா, தங்கம். விடிய எழும்பேல்லை. இதயமெண்டு டொக்டர் சொல்லுறார்," என்றார். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மேட்ரன் வந்து, மிகவும் வருந்துவதாகவும் வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நல்ல மனுஷி. ஆனால் எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது இல்லை. "கஞ்சி ஆறுது, எழும்படி தம்ஷி" என்று ஒரு அதட்டல் போதும், எழுந்திருப்பேன். அப்படி அதட்டுகிறவர்தான் போய்விட்டார்.

நம் சங்க இதழில் இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். வாங்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணம், நான் திருநெல்வேலி. டொரொண்டோவின் மேற்குப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் அவர் நர்ஸ், நான் உதவியாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, கை நிறையப் படுக்கை விரிப்போடு எந்த அறைக்குப் போவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏன் உப்பிடி நிக்கிறாய், தம்ஷி?" ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துச் சிரித்தேன். மத்தியானம் அவரே அர்த்தம் சொன்னார். ஸ்கொட்லாந்துக்காரர் பேச்சில் தம்ஷி என்றால் டர்னிப் கிழங்கு. மண்டைக்குள் ஒன்றுமில்லாத ஆளை அப்படித்தான் ஏசுவார்களாம். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. "சாப்பிட்டனியே?" என்று கேட்டுத் தன் புட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார். நான் இந்த நாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் நன்றி, மன்னிக்கவும், தயவுசெய்து என்று வாய் நோகச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டாயா என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

அந்த ஏச்செல்லாம் அவருக்குக் கிளாஸ்கோவில் கிடைத்த சீதனம். இளம் வயதில் நர்ஸ் படிப்புக்கு அங்கே போய், கப்பல் கட்டுகிற தொழிலாளிகள் கை கால் முறிந்து கிடந்த ஆண்கள் வார்டில் வேலை பார்த்திருக்கிறார். கொன்வென்ட் இங்கிலீஷோடு போனவருக்கு, முதல் மாதம் அவர்கள் பேசுவது இங்கிலீஷ்தான் என்றே பிடிபடவில்லை. பிடிபட்டபோது அத்தனையும் ஏச்சு. "நான் அழுதா அவங்கள் இன்னும் ஏசுவாங்கள். திருப்பி ஏசினன், கை தட்டினாங்கள்," என்பார். அதற்கு அவரிடம் ஒரு முறையும் இருந்தது. பிறப்பை, நிறத்தை, வறுமையை, உடற்குறையை வைத்து ஏசக்கூடாது. மடத்தனத்தையும் சோம்பலையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏசலாம். அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம்: "மரியாதை வாசல் மட்டும்தான் தங்கம். உள்ளுக்கு வந்திட்டா ஏச்சுத்தான்."

வாசலுக்கு வெளியே நமக்கு என்ன கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஊர்த் தெருக்களில் நம்மை எந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை, எழுதி எழுதி அலுத்துவிட்டது. ஒருநாள் வேலை முடிந்து டிராமில் வரும்போது ஒரு பையன் அந்தச் சொல்லை எங்கள் மேல் எறிந்தான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு ஏச்சா? உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவனுக்குச் சுத்தமான கிளாஸ்கோ வாயால் ஒன்று கொடுத்தார். வெறித்த முழியும் ஒன்றுக்கும் உதவாத குட்டை உடம்புமாகத் திரியும் பொடியன் என்பது அதன் சாரம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பையன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனான். எனக்கு ஒரே குஷி. ஆனால் பார்க்டேல் பகுதியில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனதும் அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். "குட்டை எண்டது பிழை. உடம்பைச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். பிறகு, "நெடுக இதுக்கு மறுமொழி சொல்ல ஏலுமே? களைச்சுப் போனன்," என்றார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆறவிட்டுவிட்டார்.

இனி டங்கன் கதை. கிளாஸ்கோவிலிருந்து வாலிபத்தில் வந்து, இங்கேயே உழைத்துக் கிழவனானவர். பக்கவாதம் வந்து எங்களிடம் சேர்ந்தார். மாதக்கணக்காக ஒரு வார்த்தை இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், கரண்டியைத் தட்டிவிடுவார். செல்லமே, கண்ணே என்று நாங்கள் குழந்தையைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சிப் பார்த்தோம். ஒரு மத்தியானம் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தின்னடா, கிழட்டு பாக்கிள்!" என்று கிளாஸ்கோ பாஷையில் ஒரு அதட்டுப் போட்டார். பாக்கிள் என்றால் குதி தேய்ந்த பழஞ்சப்பாத்து. கிழவரின் தலை மெல்லத் திரும்பியது. வாயின் ஒரு பக்கம் அசைந்தது. "கௌக்" என்றார். குயில் என்று அர்த்தம். நம் ஊரில் குயில் என்றால் பாட்டு, அவர்கள் ஊரில் மடச்சி. அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறை. "கேட்டியே தங்கம்? மனுசன் என்னை ஏசிப்போட்டான்!"

அன்றிலிருந்து ஒரு ஏச்சுக்கு ஒரு கரண்டி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் மகள் ஜீன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் வரை. அவள் பார்த்தது, ஒரு கறுத்த நர்ஸ் தன் அப்பாவின் முகத்துக்கு நேரே கரண்டியை ஆட்டி வாய்க்கு வந்தபடி ஏசுவதை. நேரே மேட்ரனிடம் போனாள். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. இனி ஒரு புகார் வந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தம்பி குடும்பத்தைக் கனடாவுக்குக் கூப்பிட அக்கா அப்போதுதான் விண்ணப்பம் போட்டிருந்தார். வேலை போனால் அதுவும் போச்சு.

மறுநாளிலிருந்து, "மிஸ்டர் டங்கன், தயவுசெய்து கொஞ்சம் சாப்பிடுங்கள்." கிழவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஏச்சு வரவில்லை என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "மெதுவா ஒண்ணு சொல்லுங்கக்கா, நான் வாசல்ல நிக்கேன்," என்றேன். "என்ர தம்பி வரவேணும் தங்கம்," என்றார், தலையைத் தூக்காமலே. கிழவர் நாளுக்கு நாள் வற்றினார். மூக்கில் குழாய் போடுவது பற்றி டாக்டர் பேசத் தொடங்கினார்.

ஜீன் ஒருநாள் வராந்தாவில் என்னை நிறுத்தி, அந்த நர்ஸ் அப்பாவிடம் அப்படி என்னதான் சொன்னாள் என்று கேட்டாள். சொன்னேன். அப்பாவும் திருப்பிச் சொன்னார் என்றேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்பா பேசினாரா?" பிள்ளை இந்த ஊர்ப் பிள்ளையாக வளரட்டும் என்று அவர் வீட்டுக்குள் அந்தக் கிளாஸ்கோப் பேச்சையே நிறுத்திவிட்டாராம். தன் அப்பாவின் வாயில் அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை.

அவள் அக்காவிடம் போய், "அவரை ஏசுங்கள்," என்றாள். அக்கா முடியாது என்றார். "ஏசி வாங்கிக் கட்டினது போதும். நான் சொல்லித் தருகிறேன், நீ ஏசு." அப்பாவை எப்படி என்று அவள் தயங்கினாள். "உன் அப்பாவை நீ ஏசாமல் ஊரா ஏசும்?" என்று கேட்டு அவளைக் கட்டிலருகே உட்காரவைத்தார். மீன்முள் சிக்கினாற்போலத் தொண்டையிலிருந்து வரவேண்டிய சொல் அது. ஜீன் அதை, கடையில் விலை விசாரிப்பதுபோல மரியாதையாகச் சொன்னாள். கிழவர் சுவரை விட்டுத் திரும்பினார். அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு காறிக்கொண்டு, எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லிக் காட்டினார். "பாக்கிள்." அவள் திருப்பிச் சொன்னாள். அவர் வாயைத் திறந்தார். அவள் அழுதுகொண்டே ஊட்டினாள். அக்கா என்னைப் பார்த்து, "உனக்கு வேலை இல்லையோ, தம்ஷி?" என்று விரட்டினார். புகாரைப் பற்றி மேட்ரன் பிறகு வாயே திறக்கவில்லை. டங்கன் அடுத்த வசந்தம் வரை இருந்தார். அவர் போன பிறகும் ஜீன் அக்காவைப் பார்க்க வந்துகொண்டிருந்தாள். அக்காவின் தம்பி குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்.

புதன்கிழமை இறுதிச்சடங்கு மண்டபத்தில் அக்காவைப் பட்டுச் சேலையில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தாழ்ந்த குரலில் நல்லதாகவே பேசினார்கள். கறுப்புக் கோட்டோடு ஜீன் வந்து, பெட்டிக்கு மேல் குனிந்து, தொண்டையிலிருந்து தெளிவாகச் சொன்னாள்: "கிழட்டு பாக்கிள்." தம்பியின் மனைவி என் கையைப் பிடித்தார். "உவ என்ன சொல்லுறா அன்ரி? செபமே?" ஆமாம், செபம்தான் என்றேன்.

எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகும் எனக்கு நகரத் தோன்றவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டும், காலை எழுந்து கஞ்சி கொடுக்க வேண்டும், அதற்கு அடுத்த நாளும் கொடுக்க வேண்டும். வாசலிலேயே நின்றேன். ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது, கண்ணாடி இறங்கியது. "ஏன் அப்படி நிற்கிறாய், தம்ஷி? ஏறு. சாப்பிட்டாயா?" என்றாள் ஜீன்.

அக்கா எனக்கு என்ன வைத்துவிட்டுப் போனார் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். இந்த ஊரில் என்னை ஏச இன்னும் ஒருத்தி இருக்கிறாள்.