அண்ணனின் போர்வீரன்

அண்ணன், வியட்நாமின் பின் யுவோங் மாகாணத்துத் தொழிற்சாலைக்கு பைக்கில் போகும்போது லாரி மோதிச் செத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, நாங்கள் இருக்கும் சோலோன் பகுதியில் அவன் வழக்கமாகப் போகும் நெட் கடையில் உட்கார்ந்து, அவன் ஆடும் ஆன்லைன் விளையாட்டில் அவன் கணக்கில் நுழைந்தேன். அந்த விளையாட்டில் கடைசி லெவலை எட்டியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைச் சண்டை மட்டும்தான் மிச்சம். அதற்கு வராதவன் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அங்கிருந்தும் அவன் போவதை என்னால் தாங்க முடியாது.

எனக்குச் சரியாக விளையாடத் தெரியாது. எதிரணிக்காரன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அண்ணனின் வீரனை வாளால் குத்திச் சாய்த்தான். உயிர்ப்பித்தேன். கழுத்தை வெட்டினான். மறுபடி உயிர்ப்பித்தேன், மறுபடி வெட்டினான்.

"என்னடா, உங்கண்ணன் செத்தும் சாக மாட்டேங்கிறான்" என்று சொல்லிச் சிரித்தான்.

மடியிலிருந்த ஹெல்மெட்டால் அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்து ரத்தம் கீபோர்டில் கொட்டியது. அவன் என் தலையைப் பிடித்து மேசையில் மோதினான். கடைக்காரர் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரி, வெளிய போ."

"கோட்டைச் சண்டை முடிஞ்சதும் போயிடறேண்ணே. இப்பப் போனா எங்கண்ணன் பேரை எடுத்துருவாங்க."

அவர் பிடியை விட்டார். நெற்றி ரத்தம் கண்ணில் வழிய பட்டனை அழுத்தினேன். திரையில் அண்ணன் எழுந்தான். பக்கத்திலிருந்தவன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அவனை வெட்டினான்.