வெயில் புகாத குடை

என் மனைவிக்கு வெயில் ஆகாது என்று பெங்களூரு டாக்டர் சொன்னபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் யாருக்குத்தான் ஆகிறது? போகப்போகத்தான் புரிந்தது. கொஞ்ச நேரம் பட்டாலே கன்னம் சிவந்து தடித்துவிடும். மறுநாள் விரல் மூட்டெல்லாம் வீங்கி, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. சிப்காட்டில் அசெம்பிளி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் வேலையை விட்டாள். பிறகு, துணி காயப்போட மாடிக்குப் போவதையும் விட்டாள். ஓசூரில் எங்கள் வாடகை வீட்டு ஜன்னல்களுக்குத் தடித்த திரைகள் வந்தன. மாத்திரையில் நோய் அடங்கிய பிறகும் அந்தத் திரைகளை அவள் விலக்கவில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போகிறவன். கிருஷ்ணகிரி அணைக்கு மேலே தென்பெண்ணை அகன்று, நகர்வதே தெரியாமல் கிடக்கும் ஓர் இடம் எனக்குப் பழக்கம். அவள் நோயில் படுத்த பிறகு நானும் போகவில்லை. ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, நானும் வந்தா என்னங்க?"

"எங்க?"

"ஆத்துக்குத்தான். விடியறதுக்குள்ள போய்ச் சேந்துட்டு, பொழுது எறங்கினப்புறம் வண்டிய எடுக்கலாம். நடுவுல குடைக்கடியில உக்காந்துக்கறேன்."

டாக்டரிடம் கேட்டோம். நல்ல நிழலும், முழுக்கைச் சட்டையும், பூசிக்கொள்ளும் க்ரீமும் இருந்தால் போகலாம் என்றார். அந்த நல்ல நிழலுக்குத்தான் வழியில்லை. அந்தக் கரையில் இருப்பதெல்லாம் சீமைக்கருவேலம். அதன் அடியில் சல்லடையில் சலித்த மாதிரி வெயில் விழும்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். மீன் பிடிப்பவர்களுக்கென்றே செய்த பச்சைக் குடை. பார்க்க அழகாக இருந்தது. அவள் அதை வீட்டுக்குள்ளேயே விரித்து, கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். "டியூப்லைட்டு தெரியுதுங்க" என்றாள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்து, ஒரு மாலையில் கடைவீதிக்குப் போனோம். இளநீர்க்காரர்களும் பூக்காரம்மாக்களும் ரோட்டோரம் விரிக்கிற பெரிய குடைகளை விற்கும் கடை அது. கடைக்கார பாய் முன்னால் நின்றவரிடம் கன்னடத்தில் விலை பேசி முடித்துவிட்டு எங்களிடம் தமிழுக்கு வந்தார்.

"மழைக்கா சார், வெயிலுக்கா?"

"வெயிலுக்குத்தான் பாய்" என்று என் மனைவி முந்திக்கொண்டாள். "ஆனா கொஞ்சம்கூட உள்ள வரக்கூடாது. உங்க போன்ல டார்ச் இருக்குதுங்களா?"

அவருக்குப் புரியவில்லை. அவளே காட்டிக்கொடுத்தாள். அவர் துணிக்கு மேலே டார்ச்சைப் பிடிக்க, அவள் அடியில் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தாள். நீலத்தில் வெளிச்சம் வந்தது. சிவப்பில் அவள் கையே சிவந்து தெரிந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது ஒரு மஞ்சள் குடை. அதில்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வெளிச்சம் வந்தது. மஞ்சள் துணியை ஒருமுறை தடவிவிட்டு, "இது வேண்டாம்" என்று தள்ளி வைத்தாள். பாய்க்கும் இதில் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. கடைப் பையனை அனுப்பி, பரண்மேல் கிடந்ததையெல்லாம் இறக்கச் சொன்னார். கடைசியில், வெளியே வெள்ளிப் பூச்சும் உள்ளே கறுப்புத் துணியும் வைத்த ஒன்று வந்தது. டார்ச்சைத் துணியோடு ஒட்டிப் பிடித்தும் அவள் உள்ளங்கை இருட்டாகவே இருந்தது.

"இதுதான் பாய்."

"பாத்தா ஒரு களையும் இல்லையேம்மா."

"அது இல்லாட்டி போவுது."

கம்பு நீளமாக இருந்தது, பைக்கில் கட்ட முடியாது. நான் டூல் ரூமில் வேலை செய்கிறவன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, கழிவு இரும்பில் ஒரு இணைப்பு கடைந்து கம்பை இரண்டாக்கினேன். சூரியன் நகர நகரக் குடையும் சாய வேண்டுமே, அதற்கும் ஒரு முட்டு செய்து வைத்தேன்.

இருட்டு பிரியும்போது சூளகிரியைத் தாண்டினோம். ஆற்றங்கரையில் ஒரு முளை அடித்து, அதில் குடையை நட்டு, கோரைப்பாயை விரித்தோம். வெயில் ஏறியதும் அவள் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். "கீழேருந்து வருதுங்க." தண்ணீரில் பட்ட வெளிச்சம் அலையலையாக அவள் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் இது முன்னாலேயே தோன்றவில்லை. குடையைப் பிடுங்கிக்கொண்டு மேட்டில் புல் இருந்த இடத்துக்குப் போனோம். அங்கிருந்து தூண்டில் நரம்பை நீளமாக விட்டால் தக்கை தெரியும், தண்ணீரின் பளபளப்பு எட்டாது. அவளுக்கும் ஒரு தூண்டில் கொடுத்தேன்.

உச்சி வெயிலில் திடீரென்று ஒரு காற்று. முளை பிடுங்கிக்கொண்டு குடை கிளம்பிவிட்டது. அவள் நட்ட நடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பாயைத் தூக்கி அவள்மேல் போர்த்தி, இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குடையப் பாருங்க! குடையப் பாருங்க!" என்று பாய்க்குள்ளிருந்து கத்தினாள்.

"அது போனா போவுது, நீ அசையாத."

குடை உருண்டு உருண்டு, ஆடு மேய்ந்துகொண்டிருந்த பக்கம் போனது. ஆடுகள் சிதறின. மேய்க்க வந்திருந்த அம்மா தொரட்டியை நீட்டி அதன் விளிம்பைக் கொக்கி போட்டு நிறுத்தினார். தோளில் சாத்திக்கொண்டு வந்தவர், பாய்க்குள் குந்தியிருந்தவளைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"ஏமாச்சு தல்லி? ஒடம்புக்கு என்னா?" தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

"வெயில் ஆகாதும்மா எனக்கு."

அந்த அம்மா உடனே குடையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். நான் முளையை ஆழமாக அடித்து, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினேன். நிழலைப் பார்த்ததும் ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைய ஆரம்பித்தன. ஒரு குட்டி என் மனைவியின் மடியில் முட்டி இடம் கேட்டது. விரட்டப் போன அந்த அம்மாவை அவள் தடுத்தாள். "இருக்கட்டும்மா, அதுக்கும் வெயில்தானே." அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எங்கள் எலுமிச்சைச் சாதத்தை மூன்று பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

சாயங்காலம் அவள் தக்கை முங்கியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை. "என்ன பண்றது, என்ன பண்றது" என்று நரம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அந்த மீனை ஆடு மேய்க்கும் அம்மாவிடமே கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியின் முன் நின்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அடுப்படியில் இருந்தாள். விரல்களை மடக்கி, நீட்டி, எனக்குக் காட்டினாள். வீக்கம் இல்லை. டீயை டம்ளரில் ஊற்றி அவளே எடுத்து வந்து கொடுத்தாள்.