தெர்மாவுக்குக் காட்டிய வெயில்

சுண்ணாம்புக்குளத்தில் இருக்கும் என் சித்தி அங்காளம்மாள், உப்புத் தண்ணீர் ஏரியில் கையாலேயே இறால் பிடிப்பவள். கழுத்து முங்கக் குந்திக்கொண்டு, பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள். பறி நிறையும்வரை அவளால் வாய் திறக்க முடியாது. கரையில் அவளுடைய நாய் காத்திருக்கும்.

யாரோ வீசிவிட்டுப் போன மீன் பெட்டியில் கிடைத்த குட்டி அது. தெர்மாகோல் பெட்டிக்கும் குட்டிக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியாததால் தெர்மா என்று பேர் வந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கும் காது ஓரமும் மட்டும் ரோஸ். "வெள்ளக்காரி வந்துட்டா, சேர் எட்த்துப் போடு" என்று சித்தப்பா பொன்னுரங்கம் கிண்டல் செய்வார்.

போன கோடையில் தெர்மாவின் இடது காது நுனி சிவந்து, தோல் உரிந்து, பொருக்குத் தட்டியது. சித்தி அதைத் தன் விரல் புண்ணைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். இறால் கொம்பு குத்திய இடத்தில் உப்புத் தண்ணீர் ஊறிப் புண்ணாவது ஏரிக்காரர்களுக்குப் பழகிப்போனது. நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, வெயிலில் காட்டினால் காய்ந்துவிடும் என்பார்கள்.

"உப்புப் புண்ணுதான். எந்நேரமும் கரையிலயே கெடக்குதில்ல" என்றார் சித்தப்பா.

"நாலு நாள் வெயில்ல காட்டுனா ஆறிடும்" என்றாள் சித்தி.

தெர்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் ஈர மணலைத் தோண்டிப் படுத்துக்கொள்ளும். சித்தி காலைப் பிடித்து வெளியே இழுப்பாள். "ஒழுங்கா காஞ்சாதான் ஆறும், வாடி!" வலை காயப்போடும் கம்பத்தில் நீலக் கயிற்றால் கட்டிவிட்டு ஏரியில் இறங்குவாள். கொஞ்ச நாளில் கயிறே தேவைப்படவில்லை. காலையில் தெர்மா தானாகவே போய்க் கம்பத்தடியில் படுத்துக்கொண்டது. "எம்மாம் புத்தி பாத்தியா கண்ணு!" என்று சித்தி எனக்கு வீடியோவில் காட்டினாள். வெயிலுக்கு ஏங்கும் குளிர் ஊரிலிருந்து பார்த்த எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

மழைக்காலம் வந்தும் புண் ஆறவில்லை. தலையை உதறினால் சுவரெல்லாம் ரத்தம். ஆட்டோ வைத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள்.

"வெயில்ல ரொம்பப் படுக்குமாம்மா?" என்று கேட்டார் கால்நடை டாக்டர்.

"நானேதான் கட்டிப் போடுவேன் சார்" என்றாள் சித்தி, பெருமையாக.

அவர் காதைப் புரட்டிப் பார்த்தார். இது உப்புப் புண் இல்லை, வெயில் சுட்ட புண் என்றார். வெள்ளை நாய்க்கு முடி மெலிந்த இடத்தில் தோலைக் காக்கும் கருமை கிடையாது. சுட்ட இடத்திலேயே திரும்பத் திரும்பச் சுட்டதில் புற்றாக மாறியிருக்கலாம். பரிசோதனையிலும் அப்படியே வந்தது. பாதிக் காதை வெட்டி எடுத்தார்கள். இனி உச்சி வெயிலே ஆகாது, எண்ணெயும் வேண்டாம், மனிதர்கள் பூசும் க்ரீமை நக்கினால் ஆபத்து, மூக்கும் ரோஸ்தான், அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

"அதுக்குத் தெரிஞ்சிருக்குது கண்ணு" என்று போனில் அழுதாள் சித்தி. "படகுக்கடில ஓடி ஓடிப் பூந்துச்சே. நான்தான் காலப் புட்ச்சி இஸ்த்தேன்."

வெட்டிய காது ஆறிவிட்டது. பழக்கம்தான் போகவில்லை. விட்டால் போதும், தெர்மா கம்பத்தடிக்குப் போய்விடுகிறது. சித்தப்பா கம்பத்தைப் பிடுங்கினார். குழிக்குப் பக்கத்தில் படுத்தது. ஓலைப் பந்தல் போட்டார். பந்தலுக்கு வெளியே வந்து படுத்தது. ஒருநாள் தண்ணீரிலிருந்து அதைப் பார்த்துவிட்டு "எழுந்து போடி!" என்று சித்தி கத்தியிருக்கிறாள். வாய் திறந்ததும் பறி கவிழ்ந்து, அன்றைய இறாலெல்லாம் ஏரிக்கே திரும்பிப் போய்விட்டது.

நேற்று வீடியோவில் கூப்பிட்டேன். தெர்மா வீட்டுக்குள் கட்டில் காலில் கட்டுண்டு கிடந்தது. அதே நீலக் கயிறு.

"மூக்கு எப்டி இருக்கு சித்தி? கிட்ட காட்டு."

நுனியில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. சிவப்புதானா, போன் வெளிச்சமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அன்னிக்கு வெயிலுக்குக் கட்னேன், இன்னிக்கு நெயலுக்குக் கட்றேன்" என்றாள். "அதுக்கு இன்னா தெரியும்? இந்தப் பொம்பளைக்கு எந்நேரமும் நம்ம மேல கோவம்னுதான நெனைக்கும்?"

வாசற்படியில் ஒரு கீற்று வெயில் விழுந்திருந்தது. தெர்மா கயிறு எட்டியமட்டும் இழுத்து, மூக்கை அதில் வைக்கப் பார்த்தது. சித்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். என் போனில் படம் இருண்டுபோயிற்று. நகம் தரையைப் பிராண்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.