பாவில் விழுந்த இரண்டு சொட்டு

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் அம்மா கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் பாடம் கேட்பது என் பொறுப்பு. நான் எட்டாவதோடு நின்றவன். தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டே, பக்கத்தில் திறந்து வைத்த அறிவியல் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பேன். இழை அறுந்தால் பாடமும் நிற்கும். "நீயும் என்கூட வந்து பரிச்ச எழுதிடுபா, பாஸாயிடுவ" என்று கிண்டல் செய்வாள்.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்துவிட்டு எழுந்து போகிற பிள்ளை இல்லை அவள். எதையும் செய்து பார்த்தால்தான் தூக்கம் வரும். காந்தப் பாடம் நடந்த வாரம் வீட்டில் இருந்த பாத்திரம், பூட்டு, அம்மாவின் வளையல் ஒன்றையும் விடவில்லை. எங்கள் வீட்டில் 'சொன்னதைச் செய்' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். இவள் இப்படி இருப்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டேன்.

அந்த வாரம் மாவுச்சத்துப் பாடம். மருந்துக் கடையில் ஒரு சின்ன பாட்டில் அயோடின் வாங்கி வந்தோம். உருளைக்கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விட்டாள், கருநீலமாக மாறியது. சோற்றிலும் அப்படியே. உப்பில் மாறவில்லை. சனிக்கிழமை மாலை, வீட்டில் மாவுச்சத்து உள்ள பொருள்கள் எவை என்று கேட்டேன். அரிசி, கிழங்கு, வடாம் என்று அடுக்கினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இன்னும் ஒண்ணு இருக்குது. ஆனா அத யாரும் திங்க முடியாது. யோசிச்சுப் பாரு" என்றேன்.

மறுநாள் காலையில் தெருவில் எங்கள் பாவை நீட்டினோம். புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி போட்டு, வெயிலில் காயவைப்போம். அப்போதுதான் இழை விறைப்பாக நிற்கும். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் கைகொடுக்க வருவார்கள். அவர்கள் பாவுக்கு நாங்கள் போவோம். அன்றைக்கு நீட்டியது சந்தன நிறம். ஒரு கல்யாணத்துக்கு நெய்ய வேண்டியது. ஒரு கறை பட்டாலும் முகத்தில் அடித்த மாதிரி தெரியும்.

நான் ஒரு முனையில் இழை பிரித்துக்கொண்டிருந்தேன். எதிர் முனையிலிருந்து யாரோ, "ஐயையோ, பாவுல இன்னாது இது?" என்று கத்தினார்கள். ஓடினேன். என் மகள் பாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கையில் அயோடின் பாட்டில். சந்தன நிறத்தில் இரண்டு கருநீலப் பொட்டு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, கண்டுபுடிச்சிட்டேன்பா! கஞ்சி..."

அதற்குள் என் கை முந்திவிட்டது. கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். பாட்டில் உருண்டு போனது. "அறிவு இருக்குதா உனக்கு? யாரக் கேட்டு ஊத்தின? எதா இருந்தாலும் பெரியவங்களக் கேக்கணும்னு தெரியாது?" தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எதிர்வீட்டு அக்காதான் குனிந்து பார்த்தார். "இன்னாபா நீ! எங்க ஊத்திக்கீறா பாரு. அறுத்துப் போடற முனையிலதான ஊத்திக்கீறா."

பார்த்தேன். ஒவ்வொரு பாவிலும் கடைசி ஒரு முழம் நெய்ய வராது. புடவை முடிந்ததும் அறுத்து எறிந்துவிடுவோம். அந்த முழத்திலும் விளிம்பில் இருக்கிற இழையாகப் பார்த்து விட்டிருந்தாள். இத்தனை நீளப் பாவில் எங்கே தொட்டால் எனக்கு நஷ்டமில்லை என்று அந்தப் பத்து வயசு யோசித்திருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போதே உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாவு காய்ந்துகொண்டிருக்கிறது, ஆட்கள் நிற்கிறார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அத்தனை பேர் எதிரில் மகளிடம் இறங்கிப் போக வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் பாடம் கேட்டேன். பரீட்சை நெருங்கிவிட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது, ஆனால் குரலில் பழைய துள்ளல் இல்லை. இழை அறுந்து நான் நிறுத்தியபோதும் கிண்டல் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவுச்சத்துப் பாடம் வந்தது.

"ஒரு பொருள்ல மாவுச்சத்து இருக்குதா இல்லியான்னு எப்படித் தெரிஞ்சிக்குவ?"

அவள் கண் என் முகத்துக்கு வரவில்லை, என் கைக்குப் போனது.

"பெரியவங்களக் கேட்டுத் தெரிஞ்சிக்கணும்பா" என்றாள்.

குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் குழியிலிருந்து ஏறி அவள் எதிரில் உட்கார்ந்தேன். "தப்பு என்னுதுதான்மா. நீ செஞ்சதுதான் சரி. பாக்காம அடிச்சிட்டேன்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "பரவால்லபா" என்றாள். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "அடுத்த கேள்வி கேளுபா" என்றாள்.