கடலில் நான் முடித்துவைத்த யுத்தம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்டேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கடலுக்குப் போக வீட்டில் ஆள் தேவைப்பட்டது, பள்ளிக்கூடத்துக்கு நான் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கு எங்கள் ஊர் கீரியில் மாடி வீடு, ஐஸ் தொழிற்சாலை, மீன் ஏற்ற லொறிகள். மன்னாரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை போடுவார்கள். போடாவிட்டால் பின்வரிசையிலிருந்து நானே ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக்கொள்வேன்.

அப்படி முன்னால் இருந்து கேட்ட ஒரு பேச்சில்தான் இந்த வியாதி பிடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படித்த மனிதர் ஒருவர், ஒரு நாட்டின் உள்நாட்டு யுத்தம் வேறு மாதிரி முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்து எழுதும் கதைகள் உலகத்தில் ஏராளம் உண்டு என்றார். எங்கள் பக்கத்தில் அதை எழுதத்தான் ஆள் இல்லை என்றார். ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஐஸ் தொழிற்சாலையையும் அப்படித்தான் தொடங்கினேன்.

யுத்தத்தை எப்படி முடிப்பது என்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும், நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு ஓடுவதற்கு முன்பே, பேச்சுக்குச் சம்மதிக்கிறார்கள். இடம் கீரிக் கடற்கரை. ஏன் கீரி என்று கேட்கக் கூடாது, எழுதுகிறவன் நான். அங்கே ஓர் இளம் மீனவன் இருக்கிறான். ஐந்தாம் வகுப்பு, நல்ல உடம்பு. அவர்களைத் தன் வள்ளத்தில் ஏற்றி ஆழத்துக்குக் கொண்டுபோய் எஞ்சினை நிறுத்துகிறான். ஒப்பந்தம் வந்தால்தான் கரை வரும் என்கிறான். சோளகக் காற்று கிளம்புகிறது. மத்தியானத்துக்குள் இரண்டு பக்கத்தாரும் வள்ளத்தின் இரண்டு பக்கமும் தலையைத் தொங்கவிட்டுச் சத்தி எடுத்துச் சமாதானமாகிவிடுகிறார்கள்.

இதில் ஒரு சின்னக் குறை. எனக்குத் தெரிந்த ஒரே கதைமுறை எங்கள் கோயில் முற்றத்தில் ஆடும் வாசாப்புக் கூத்து. அதில் அரசன் வந்தால் முதலில் தன் பெருமையைப் பாடி முடித்துவிட்டுத்தான் வந்த அலுவலைச் சொல்வான். ஆகவே என் கதையிலும் தளபதிமார் பாடிக்கொண்டே வள்ளத்தில் ஏறினார்கள். ஒருவர் சத்திக்கு நடுவிலும் பாடினார்.

அதற்குப் பிறகு நாடு பொன்னாக விளைந்தது. வடக்கு தன் அலுவலைத் தானே பார்த்தது. தலைநகரம் மன்னார். ஒரு கையெழுத்து வேண்டுமென்றாலும் யாழ்ப்பாணத்தார் பாலம் தாண்டித் தீவுக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் போய்வந்தது. கடற்றொழில் மந்திரி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சிலாவத்துறையில் எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார், கருவாட்டு வியாபாரி. யுத்தத்தில் தன் முஸ்லிம் சனத்தோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, பிள்ளைகளைப் புத்தளத்தில் வளர்த்து, வயதுபோன பிறகு திரும்பி வந்தவர். முதலில் அவருக்குத்தான் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"மச்சான், இதில நாங்க ஊர விட்டுப் போனமா இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. அங்கதான் இருக்கிறீங்கள்."

"எங்கட வீட்டுக் கூரை?"

"அப்பிடியே இருக்கு."

அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்க. அந்தப் பாட்டை மட்டும் எடுத்துப்போடுங்க" என்றார்.

அந்த உற்சாகத்தோடு பின்னேரம் மனைவிக்கு வாசித்தேன். விறாந்தையில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வள்ளம், ஒப்பந்தம், மந்திரிப் பதவி எல்லாவற்றையும் கேட்டாள். சுளகை நிறுத்தவில்லை.

"எல்லாம் சரி. நான் எங்க?" என்றாள்.

"எங்கயெண்டா?"

"உந்தக் கதையில நான் எங்க நிக்கிறன்?"

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எனக்கு உத்தியோக வாகனம் இருந்தது, வாசலில் காவல் இருந்தது. மனைவி இருக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது, மறதி இல்லை, வழியே இல்லை.

என் மனைவி கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே வயல் செய்யும் சைவக் குடும்பத்துப் பெண். நான் தீவுக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன், கடலுக்குப் போனவன். யுத்தம் துரத்தி மடுக் காட்டு அகதி முகாமில் எல்லோரையும் ஒன்றாகக் கொட்டியிராவிட்டால் நான் அவளைக் கண்டிருக்கவே மாட்டேன். முகாமில் கடல் இல்லாதபடியால் சைக்கிளில் விறகு கட்டி விற்றேன். நானே கையூன்றி எழும்பினேன் என்று மேடை மேடையாகச் சொல்கிறேனே, அந்தத் தொழில் அங்கேதான் தொடங்கியது. முகாம் இல்லாவிட்டால் விறகு இல்லை, விறகு இல்லாவிட்டால் ஐஸ் இல்லை. என் சொந்தக் கதையிலேயே என்னை மந்திரியாக்க முடிந்தது, முதலாளியாக்க முடியவில்லை.

ஆனாலும் நான் விடுகிற ஆளா?

"மந்திரி வாய்க்கால் திறக்க உங்கட ஊருக்கு வாறார். அங்க உம்மைக் காணுறார். பொம்பிளை கேக்கிறார்" என்றேன்.

"எங்கட ஐயா குடுத்திருக்கமாட்டார்."

"மந்திரிக்குமா?"

"மந்திரியெண்டாலும் வேதக்காரன், கடல்காரன். கதவு திறந்திருக்கமாட்டார்."

"முகாமில குடுத்தவர்தானே?"

"முகாமில கதவு இருக்கேல்ல."

அப்போது எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. பேனையைத் திறந்துகொண்டு சொன்னேன்: "அப்ப ஒண்டு செய்யிறன். சண்டையைக் கொஞ்சம் பிந்தி முடிக்கிறன். எல்லாரும் முகாமுக்கு வரட்டும். நாங்கள் காணவேண்டிய ஆக்களைக் கண்டாப்பிறகு நான் வள்ளத்தை இறக்குறன்."

சுளகு நின்றது.

"அப்ப தம்பி?" என்றாள்.

அவளுடைய ஒரே தம்பி. பத்தொன்பது வயது. முகாமுக்கு வந்த புதிதில், விட்டுவந்த எருமைகளைப் பார்க்கவென்று வயலுக்குத் திரும்பிப் போனவன். செல் குண்டு விழுந்து அங்கேயே முடிந்துபோனான். உடலைக் கொண்டுவந்தபோது எரிக்க விறகு தேடினார்கள். என் சைக்கிளில் இருந்தது. இறக்கிக் கொடுத்துவிட்டு நின்ற இடத்தில்தான் அவளை முதன்முதலாகக் கண்டேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவனுக்கும் விளங்குகிற கணக்கு அது. அவன் சாகாவிட்டால் நான் அவளைக் காணவில்லை. யுத்தத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் இரண்டில் ஒன்று விழுந்துபோகும். தளபதிமாரை ஒரே வள்ளத்தில் ஏற்றிய எனக்கு இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் ஏற்ற முடியவில்லை.

முட்டாள்தனமாக அவளிடமே கேட்டேன், எது வேண்டும் என்று. நாற்பது வருஷத்துக்குக் கிட்டக் கூட வாழ்ந்திருக்கிறோம். கொஞ்சமாவது யோசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்து, தடுமாறி, பிறகு சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கேற்ற முகத்தையும் தயாராக வைத்துக்கொண்டேன்.

"இதென்ன கேள்வி. அவன் இருக்கட்டும்" என்றாள்.

"அப்ப நான்?"

"நீங்கள்தான் மந்திரியாச்சே."

"பிள்ளையள்?"

"அதுகள் கனடாவில சுகமா இருக்குதுகள். கதையில இல்லையெண்டு அழவா போகுதுகள்? ஐயா எனக்கு ஒரு வயல்காரனைப் பாத்து வச்சிருப்பார். இருந்திருப்பன்."

அந்த வயல்காரனை எனக்கு உடனே பிடிக்காமல் போய்விட்டது. ஆள் எப்படி, நிறமா, பெரிய வயலா என்று கேட்டேன். அவள் சுளகைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றிரவு குழம்பில் உப்புக் கூடவாக இருந்தது.

மறுநாள் யுத்தத்தைப் பழைய இடத்திலேயே முடித்தேன். மைத்துனனை உயிரோடு வயலுக்கு அனுப்பினேன். வாசித்துக் காட்டியபோது அவள் அரைவாசியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கார்த்திகையில என்ன வெட்டுறான்?"

"நெல்லு."

"மாரி மழை கொட்டேக்க நெல் அருவி வெட்டா? இப்பதானே விதைச்சு முளைச்சிருக்கும்."

"உம்மட ஊரில அப்பிடியோ?"

"எல்லா ஊரிலயும் அப்பிடித்தான். கடலில மட்டும் வேற மாதிரியாக்கும்."

இத்தனை வருஷம் சோறு தின்றும் நெல் எந்த மாதம் வெட்டுவார்கள் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்றிலிருந்து அவள் சொல்ல நான் எழுதினேன். தம்பி மாசியில் அருவி வெட்டினான். எருமைகளை விற்று உழவு மிசின் எடுத்தான். மிசினை வாய்க்காலுக்குள் இறக்கி ஐயாவிடம் பேச்சு வாங்கினான். குளத்துத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனான். அவன் வளர வளரக் கடற்றொழில் மந்திரி மெலிந்துகொண்டு போனார். கப்பல் நின்றது, வாகனம் போனது. பாட்டுகளை நானே வெட்டினேன். கடைசியில் மந்திரிக்கு நாலு வரியில் ஒரு பந்திதான் மிச்சம்.

அதற்குள்ளும் ஒரு களவு செய்து பார்த்தேன். வயல்காரன் பெண்சாதி மன்னார்ச் சந்தைக்கு மீன் வாங்க வருகிறாள். அங்கே நிற்கும் ஒருவர் நல்ல விளைமீனாகப் பார்த்து, கூட ஒன்றும் வைத்துக் கொடுக்கிறார்.

"ஆர் அந்த ஆள்?" என்றாள்.

"ஒரு ஆள்."

"தெரியாத பொம்பிளைக்கு ஏன் ஒரு மீன் கூட வைக்கிறார்?"

"நல்ல மனுசன்."

"அதை எடுங்கோ. அவர் பாத்தால் சண்டை வரும்."

அவர் என்றது வயல்காரனை. எடுத்துவிட்டேன்.

பிறகு தம்பிக்குக் கல்யாணம் வந்தது. மணவறையில் அவனை இருத்தி எழுதும்போது, இன்றைக்கு இருந்தால் அவனுக்கு எத்தனை வயது என்று கணக்குப் பார்த்து, பின்னால் வரும் பக்கத்துக்கு லேசாக மண்டை வழுக்கையும் வயிற்றில் கொஞ்சம் வண்டியும் வைத்தேன். எனக்கு இருப்பதை மற்றவனுக்கும் வைப்பதில் ஒரு திருப்தி.

"வழுக்கை இல்லை. எங்கட ஐயாவுக்கு கடைசி மட்டும் தலைமயிர் கொட்டேல்ல" என்றாள்.

"சரி, நரை?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். முற்றத்து வெளிச்சத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அவள் தேடுகிறாள் என்பது எனக்கு விளங்கியது. அவளிடம் இருந்தது பத்தொன்பது வயது முகம் ஒன்றுதான். அதற்கு மேலே என்ன வைத்தாலும் வேறு யாரோ ஒருவன் ஆகிவிட்டான் போல.

"முகத்தை எழுதாதேங்கோ. வேலையை மட்டும் எழுதுங்கோ" என்றாள்.

அதனால் என் கதையில் மைத்துனன் எப்போதும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மிசினில் போய்க்கொண்டிருக்கிறான். பின்னால் கொக்குகள் போகின்றன. புத்தகம் முடியவில்லை, முடிகிற மாதிரியும் தெரியவில்லை. பின்னேரத் தேத்தண்ணியை என் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் கேட்கிறாள், இன்றைக்கு அவன் எந்த வயலை உழுகிறான் என்று. மேல் வயல் ஈரமாக இருக்கும், பள்ளத்துக் காணியை முதலில் உழட்டும் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன்.

"பள்ளத்திலதான் ஈரம் கூட" என்கிறாள்.

அடித்துவிட்டு மேல் வயல் என்று எழுதுகிறேன்.