பதினோரு மூச்சு

அந்த ஸ்டுடியோவுல அவரை நேர்ல பாத்தா 'சார்'னு கூப்பிடுவாங்க. அவரு முதுகைத் திருப்பினதும் 'தொடப்பம்'. இந்த ரெண்டு பெயரும் அவருக்குத் தெரியும். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பாப்பாரு.

வேலை அப்படி. சின்னப் பசங்க பாக்குற கார்ட்டூனுக்குப் பேசின குரல் எல்லாம் அவரு மேசைக்கு வரும். குரலை மட்டும் விட்டுட்டு மத்ததைப் பெருக்கித் தள்ளணும். நாற்காலி கிறீச்சுங்கிறது, எச்சில் முழுங்குறது, சாப்பிடாம ஓடி வந்தவங்க வயிறு கர்புர்ங்கிறது. எல்லாத்தையும் விட ஜாஸ்தி வர்றது மூச்சுதான். ஜனங்க பேசுறதை விட மூச்சு வாங்குறதுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கிறாங்கன்னு அவரு கண்டுபிடிச்சு இருபது வருஷம் ஆச்சு.

மூணாவது மாடி, வராண்டா கடைசி, ஜன்னல் இல்லாத ரூம். நாற்காலியில அஞ்சு சக்கரத்துக்கு நாலுதான் இருக்கு, அதனால இடது பக்கமா சாஞ்சே உட்காருவாரு. இப்ப நடக்குறதே அந்தச் சாய்வுலதான். வெட்டி எடுத்ததை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரு ஓரமா குவிச்சு வெச்சு, சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்தமா அழிச்சிட்டுத்தான் செருப்பை மாட்டுவாரு. அசல் ரெக்கார்டிங்கையும் சேத்துத்தான். டிஸ்க்ல இடம் பத்தாதுங்கிறது ஒரு காரணம். குப்பையை வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனா அவருக்குச் சோறு இறங்காதுங்கிறது இன்னொண்ணு. இருபது வருஷத்துல அவரு வேலையில தூசு இருக்குன்னு ஒருத்தர் திருப்பி அனுப்பினதில்லை. பொண்ணு பாஸானதைக் கூட கேட்டாத்தான் சொல்லுவாரு, இதைக் கேக்காமலே சொல்லுவாரு.

அந்தக் கார்ட்டூன்ல ஒரு ஒன்பது வயசு வாண்டு. ஓயாம பேசும். அந்தக் குரல் ஒரு அக்காவோடது. வயசு நாப்பத்தெட்டு, முட்டி வலி, கழுத்துல சங்கிலி கட்டித் தொங்குற கண்ணாடி, காலேஜ் படிக்கிற ரெண்டு பொண்ணுங்க. மைக் முன்னாடி போனா வளையலைக் கழட்டி ஒரு கிண்ணத்துல போட்டுட்டு, "டேய், என் பென்சிலை எவன்டா எடுத்தான்"னு ஒரு சத்தம் போடுவாங்க பாருங்க, வாசல்ல நிக்கிற கூரியர்காரரு தன் பையைத் தடவிப் பாப்பாரு. எட்டு வருஷமா அவங்கதான் அந்த வாண்டு.

இந்த வருஷம் ஒரு ஸ்பெஷல் எடுத்தாங்க, அரை மணி நேரம். வாண்டுக்கு முன் பெஞ்சுப் பொண்ணு மேல ஒரு இது. அந்த வயசுல அதுக்கு என்ன பேருன்னு வாண்டுக்கும் தெரியாது. அவகிட்ட இரவல் வாங்கின ஷார்ப்னரைத் திருப்பித் தராம நாள் கடத்திக்கிட்டே இருக்கான். கடைசியில அவ வேற ஸ்கூலுக்குப் போறா. ஷார்ப்னரைக் கையில வெச்சுக்கிட்டு பஸ் பக்கத்துல நிக்கிறான். வாயாடிக்கு வாய் வரல. நாப்பது செகண்ட் அப்படியே நிக்கிறான், பஸ் கிளம்பிடுது.

அந்த வாரம் டைரக்டருக்குக் காய்ச்சல். சின்ன வயசுக்காரரு, போர்வைக்குள்ள இருந்தே அக்காவுக்குப் போன் போட்டு, வசனம் ஒண்ணும் வேணாம், வெறும் மூச்சுலயே அந்தப் பையனைக் கொண்டு வந்துடுங்கன்னு சொல்லிட்டாரு. அக்கா தனியா வந்தாங்க, தானே பட்டனை அமுக்கினாங்க, பண்ணினாங்க, லைட்டை அணைச்சிட்டுப் போயிட்டாங்க.

தொடப்பத்துக்கு அந்தப் போன் சமாச்சாரம் தெரியாது. அவரு கையில இருந்த தாள்ல அந்த சீனுக்கு நேரா 'வசனம் இல்லை'ன்னு போட்டிருந்துச்சு. வசனம் இல்லைன்னா அவரு கணக்குல அங்க இருக்கிறது எல்லாமே குப்பை. பதினோரு மூச்சு, ஒரு முட்டி மடக்குன்ன சத்தம். ஒண்ணொண்ணாப் பிடுங்கினாரு. ஆறு மணி ஆச்சு. அழிச்சாரு. செருப்பை மாட்டினாரு.

வியாழக்கிழமை முதலாளி ரூம்ல போட்டுப் பாத்தாங்க. முதலாளிக்கு 'அதாவது' இல்லாம நாக்கு புரளாது. தண்ணி கேட்டா கூட, அதாவது தண்ணி. நாப்பது செகண்ட் வாண்டு திரையில நின்னான், கடை வாசல் பொம்மை மாதிரி. முதலாளி பேனாவை மூடினாரு. அதாவது அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, அதாவது குரல் இருக்கு, உள்ள பையன் இல்லைன்னாரு. டைரக்டருக்கு முகம் தொங்கிப் போச்சு. அவ்வளவு சொல்லியும் அக்கா ஒண்ணுமே பண்ணலையேன்னாரு. ரேடியோவுல பேசுற ஒரு சின்னப் பொண்ணை நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லி, வாண்டு குரல் எடுத்துப் பாத்துடலாம்னு முடிவாச்சு.

மூலையில உட்கார்ந்திருந்த தொடப்பத்துக்கு முதல் செகண்ட்லயே விளங்கிடுச்சு. வாயைத் திறக்கல. திறந்தா இருபது வருஷப் பேரு அங்கயே, அந்த மேசை மேலயே போயிடும். திறக்கலைன்னா அக்காவோட வாண்டு போயிடுவான். மெஷின்ல ஒரு ஸ்க்ரூ கழண்டா கூட உடனே சொல்ற மனுஷன், சுவத்தைப் பாத்துக்கிட்டு எழுந்து வந்துட்டாரு.

வீட்டுல சாயங்காலம் டீ ஆறிப் போச்சு. வீட்டுக்காரம்மா மருந்துக்கடையில கல்லாவுல இருக்கிறவங்க. நாள் பூரா இருமுறவங்களைப் பாத்துப் பாத்து, யாருக்கு எங்க நோவுன்னு நடையை வெச்சே சொல்லிடுவாங்க. டீயைப் பாத்துட்டுச் சொன்னாங்க:

"ஊர் மூச்சை எல்லாம் வெட்டுறீங்க சரி. இன்னிக்கு உங்க மூச்சையே காணோமே. விடுங்க, பக்கத்துல மனுஷி உட்கார்ந்திருக்கேன்."

அவரு விட்டாரு. நீளமா ஒண்ணு. அப்புறம் நடந்தது முழுக்கச் சொன்னாரு. அந்தம்மா கேட்டுட்டு, திட்டவும் இல்லை, தேத்தவும் இல்லை. ஆறின டீயை எடுத்துக்கிட்டுப் போய் சூடு பண்ணிக் கொண்டு வந்து வெச்சாங்க, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அக்கா வந்தாங்க. யாரு சொல்லியோ சேதி தெரிஞ்சுபோச்சு. ரெக்கார்டிங் ரூம்ல இருந்த வளையல் கிண்ணத்தை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, வராண்டா கடைசி வரைக்கும் முட்டியைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்து அவரு கதவைத் தட்டினாங்க. உள்ள வரல. வாசல்லயே நின்னு கேட்டாங்க.

"தம்பி, அந்த பஸ் சீன் நீங்கதானே கேட்டிருப்பீங்க. நான் நல்லாத்தானே பண்ணினேன்?"

அது வாண்டு குரல் இல்லை. அவங்க சொந்தக் குரலை அவரு சுத்தம் பண்ணாம கேட்டது அன்னிக்குத்தான் போல.

"நல்லா பண்ணியிருந்தீங்கக்கா. நான்தான் வெட்டிட்டேன். அழிச்சும் ஆச்சு."

அக்கா அவரைப் பாத்தாங்க. பைக்குள்ள இருந்த கிண்ணத்தைப் பாத்தாங்க. இப்படி மூச்சை எல்லாம் வெட்டுற ஒருத்தரை வெச்சுக்கிட்டு பேய் படம் எடுத்தா பேயே வராதுன்னாங்க. சிரிக்கல. அப்புறம், வாங்கன்னு முன்னாடி நடந்தாங்க.

முதலாளி ரூம்ல ரேடியோப் பொண்ணு ஏற்கெனவே உட்கார்ந்து தாளைப் புரட்டிக்கிட்டிருந்துச்சு. தொடப்பம் நின்னுக்கிட்டே சொன்னாரு. தப்பு என்னோடது, அக்கா பண்ணினாங்க, பதினோரு மூச்சு இருந்துச்சு. முதலாளி நம்பல. அதாவது இல்லாததை எப்படி இருந்துச்சுன்னு நம்புறதுன்னாரு. நியாயமான கேள்விதான்.

தொடப்பம் டைரக்டர்கிட்ட படத்தை சத்தமில்லாம ஓட விடச் சொன்னாரு. ஒரு மூச்சை வெட்டணும்னா அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு நாலு தடவை கேக்கணும். பதினொண்ணும் அவருக்கு வீட்டுக் கதவு நம்பர் மாதிரி மனப்பாடம்.

பஸ் வந்துச்சு. தொப்பையும் வழுக்கையுமா, இடது பக்கம் சாஞ்சு நின்னு, நாப்பத்தஞ்சு வயசுத் தொடப்பம் ஒன்பது வயசு வாண்டுக்கு மூச்சு விட்டாரு. முதல்ல சின்னதா உள்ள ஒண்ணு. அவ திரும்பினதும் மூக்கால ரெண்டு, வேகமா. ஷார்ப்னரை இறுக்கிப் பிடிக்கும்போது ஒண்ணு, பாதியிலேயே நிக்கிறது. பேசப் போறவன் மாதிரி வாயால ஒண்ணு, பேசாம அப்படியே முழுங்கிட்டது. ஏழாவதைப் பிடிச்சு நாலு செகண்ட் வெச்சிருந்தாரு, கண்ணு பிதுங்குச்சு. முதலாளி 'அதா'ன்னு ஆரம்பிச்சு மிச்சத்தை விட்டுட்டாரு. பஸ் கிளம்பினப்ப கடைசி நாலும் வந்துச்சு. அதோட அவருக்கு இருமலும் வந்துச்சு, ரேடியோப் பொண்ணு தண்ணி எடுத்துக் கொடுத்துச்சு.

"எட்டாவது அப்படி இல்லை தம்பி"ன்னாங்க அக்கா. "நீங்க விட்டது ஆஸ்துமா. நான் விட்டது வேற."

சொல்லிட்டு உட்கார்ந்த இடத்துலயே அந்த எட்டாவதை விட்டுக் காமிச்சாங்க. மைக் இல்லை, வளையல் கையிலேயே கிடந்துச்சு. ரேடியோப் பொண்ணு தாளை மடிச்சு மேசை மேல வெச்சுட்டு, நான் அப்புறம் வரட்டுமான்னு கேட்டுச்சு. முதலாளி, அதாவது வேற எதுக்காவது கூப்பிடுறோம்மான்னு அனுப்பி வெச்சாரு. அப்புறம் தொடப்பத்தோட வேலையை இனி டைரக்டர் ஒரு தடவை கேட்டதுக்கு அப்புறம்தான் எதையும் அழிக்கணும்னாரு. இருபது வருஷத்துல முதல் தடவையா அவரு மேல ஒரு ஆள். தொடப்பம் சரின்னு தலையாட்டினாரு. காது மட்டும் கொஞ்சம் சிவந்திருந்துச்சு.

மதியமே அக்கா திரும்பப் பண்ணினாங்க. வளையல் கிண்ணம் பழைய இடத்துக்கு வந்துச்சு. ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டைரக்டர் நின்னாரு, தொடப்பமும் நின்னாரு. இந்தத் தடவை மூச்சு பன்னிரண்டு வந்துச்சு. ஏன் ஒண்ணு ஜாஸ்தின்னு அவரு கேக்கல.

நாலு மணிக்கு அது அவரு மேசைக்கு வந்துச்சு. தாள்ல டைரக்டர் கையெழுத்துல 'வசனம் இல்லை, மூச்சு இருக்கு'ன்னு புதுசா எழுதியிருந்துச்சு. அவரு ஹெட்போனை மாட்டி ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நாலு தடவை கேட்டாரு. பன்னிரண்டையும் தொடல. பஸ் போனதும் வாண்டு ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறுற இடத்துல, நாப்பத்தெட்டு வயசு முட்டி ஒண்ணு மடக்குன்னுச்சு.

அதை வெட்டினாரு.